பாதி மலையில் நாய் ஏன் படுத்துவிடுகிறது?

மட்டக்களப்பு மாவட்டத்துக் களுதாவளையிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "நானும் மனைவியும் எங்கள் நாயைக் கூட்டிக்கொண்டு குடும்பிமலை ஏறினோம். தொடக்கத்தில் எங்களை முந்தி ஓடித் திரிந்த நாய், பாதி ஏற்றத்தில் பாறை நிழலில் படுத்துவிட்டது. நாங்கள் வியர்த்து வழிந்தாலும் நடந்துகொண்டே இருந்தோம். நான்கு காலுள்ள பிராணி எப்படி முதலில் களைத்தது?"

அதன் கால்கள் களைக்கவில்லை, உடல் சூடேறிவிட்டது. தசை வேலை செய்யும்போது சக்தியில் பெரும்பகுதி வெப்பமாகிறது என்பது பாடசாலையில் படித்ததுதான். அந்த வெப்பத்தை நாம் தோல் முழுவதும் வியர்த்து வெளியேற்றுகிறோம். நாய்க்கு அதற்கான வியர்வைச் சுரப்பிகள் பாதத்தின் அடியில் மட்டுமே உள்ளன. ஆகவே அது வாயைத் திறந்து வேகவேகமாக மூச்சுவிட்டு இளைக்கிறது.

நாய் நாக்கால் வியர்க்கிறது என்று பலர் சொல்வார்கள். நாக்குக்குப் பங்கு உண்டு. ஆனால் பெரிய வேலை மூக்குக்குள் நடக்கிறது. அங்கே மெல்லிய என்புத் தகடுகள் சுருள்சுருளாக மடிந்து கிடக்கின்றன. அவற்றின் மேல் ஈரமான மென்சவ்வு, அதன் அடியில் இரத்தக் குழாய்கள். மூக்கின் பக்கத்திலுள்ள ஒரு சுரப்பி, சூடு ஏறும்போது அந்த இடத்துக்கு நீரூட்டுகிறது என்பதை 1972இல் ஆய்வாளர்கள் காட்டினார்கள். உள்ளே போகும் காற்று அந்த நீரை ஆவியாக்குகிறது. சவ்வின் அடியில் ஓடும் இரத்தம் குளிர்கிறது.

இந்த ஈரக் காற்று வந்த வழியே திரும்பினால் என்ன ஆகும்? குளிர்ந்திருக்கும் சவ்வில் நீராவி மறுபடி நீராகப் படிந்து, எடுத்த வெப்பத்தை அங்கேயே திருப்பிக் கொடுத்துவிடும். நாய் அதற்கு இடம் கொடுப்பதில்லை. பெரும்பாலும் மூக்கால் இழுத்து வாயால் விடுகிறது என்று நட் ஷ்மிட்-நீல்சனும் அவருடைய குழுவினரும் 1970இல் அளந்து சொன்னார்கள். சூடு தணியத் தணிய, மூக்கால் விடும் பங்கை அது கூட்டிக்கொள்ளும். மூக்கும் வாயுமே வெப்பத்தைக் கூட்டிக் குறைக்கும் அதன் திருகிகள்.

கணக்கையும் பாருங்கள். ஒரு கிராம் நீர் ஆவியாக ஏறக்குறைய 2400 யூல் வெப்பம் வேண்டும். 100 கிராம் நீர், அதாவது அரைக் குவளை, ஆவியானால் 15 கிலோ எடையுள்ள நாயின் உடலை 4 பாகைக்கு மேல் குளிர்விக்கப் போதும்.

என்னை மிகவும் மயக்குவது இதற்கு அடுத்த பகுதி. நிமிடத்துக்கு 300 தடவைக்கு மேல் நெஞ்சை அசைப்பதும் தசை வேலைதானே, அது புதிதாக வெப்பத்தை உண்டாக்காதா? 1962இல் கிராஃபோர்ட் என்ற ஆய்வாளர் இதற்கு விடை கண்டார். நாயின் நெஞ்சுக்கூடும் நுரையீரலும் மீள்தன்மை உடையவை. அவற்றுக்கென்று ஓர் இயற்கை மீடிறன், அதாவது ஒரு நிமிடத்தில் தாமாக அசையும் தடவைகள், உண்டு. நாய் அதே மீடிறனில்தான் இளைக்கிறது. ஊஞ்சலை அதன் போக்குக்கு ஏற்றபடி தொட்டுவிட்டால் போதும், தானே ஆடும். பரிவு எனப்படும் அந்த ஒத்திசைவுதான் இங்கேயும். நாய் மெல்ல மெல்ல மூச்சைக் கூட்டாமல், அமைதியான மூச்சிலிருந்து ஒரே தாவலில் இளைப்புக்கு மாறுவதன் காரணமும் இதுவே. ஒவ்வொரு மூச்சும் ஆழமற்றது என்பதால் காற்று பெரும்பாலும் சுவாசப் பாதையிலேயே போய்வருகிறது. இரத்தத்திலுள்ள காபனீரொட்சைட்டு அளவுக்கு மிஞ்சி வெளியேறுவதில்லை.

ஆனால் இவ்வளவும் ஆவியாதலை நம்பியே நிற்கிறது. மழைக்குப் பிந்திய புழுக்கத்தில் காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருப்பதால், நாய் எவ்வளவு இளைத்தாலும் பலன் குறைவு. வறண்ட கச்சான் காற்று வீசும் மாதங்களில் நிலைமை வேறு: ஆவியாதல் விரைவு, ஆனால் உடல்நீர் வேகமாகத் தீரும். வெயிலேறிய பாறை பாதத்தையும் சுடும். உங்கள் புறங்கையைப் பாறையில் வைத்துப் பாருங்கள். சில விநாடிகள் வைத்திருக்க முடியாவிட்டால் நாயும் அதில் நடக்கக் கூடாது.

ஒன்றைக் கோபத்தோடுதான் சொல்ல வேண்டியிருக்கிறது. நாக்கைத் தொங்கவிட்டு வரும் நாயைக் கண்டவுடன் 'விசர் நாய்' என்று கல்லெறிகிறார்கள். இளைப்பு மட்டும் விசருக்கு அடையாளம் ஆகாது. நடத்தை மாறுவது, தாடை தொங்குவது, விழுங்க முடியாமல் தடுமாறுவது ஆகியவையே அஞ்ச வேண்டியவை. அஞ்சுபவர்கள் நாய்க்குத் தடுப்பூசி போடட்டும்.

வாசகருக்கும் அவர் மனைவிக்கும்: விடியலில் ஏறுங்கள். நாயின் தண்ணீரை உங்கள் போத்தல்களோடு சேர்த்துக் கணக்கிடாமல் தனியாகச் சுமந்து செல்லுங்கள். யானை நடமாடும் காடு என்பதால் கயிற்றை அவிழ்க்க வேண்டாம். யானையைக் கண்டு குரைத்த நாய், அதைப் பின்னால் இழுத்துக்கொண்டு உங்களிடம்தான் ஓடிவரும். ஒருவர் கயிற்றைப் பிடிக்க, மற்றவர் அதன் வாயைக் கவனிக்கட்டும். நாக்கு அகன்று கருஞ்சிவப்பானாலோ, எச்சில் பசைபோல் தடித்தாலோ, நடை தள்ளாடினாலோ அதுதான் எல்லை. நாயின் இயல்பான வெப்பநிலை 38 முதல் 39 பாகை வரை. 41ஐத் தாண்டினால் உயிருக்கே ஆபத்து. நிழலுக்குக் கொண்டுபோய், கையில் இருக்கும் தண்ணீரை உடல் முழுவதும் ஊற்றி விசிறுங்கள். ஈரத் துணியால் போர்த்தினால் காற்றுப் படாமல் வெப்பம் உள்ளேயே தங்கிவிடும். பிறகு தாமதிக்காமல் மிருக வைத்தியரிடம் கொண்டுபோங்கள்.

நம் ஊர் நாய்களையும் அளந்து பார்க்க வேண்டும். வந்தாறுமூலையிலுள்ள கிழக்குப் பல்கலைக்கழகத்திலிருந்து கிரான் வழியாகக் குடும்பிமலை எட்டும் தூரம்தான். ஒரு வெப்பமானி, ஓர் ஈரப்பதமானி, ஆர்வமுள்ள மாணவர்கள் சிலர், கொஞ்சப் பணம். வாவிக்கரை நாய் எந்த வெயிலில், எந்த ஈரப்பதத்தில் தளர்கிறது என்பதைக் கண்டுபிடிக்க இவ்வளவும் போதும். இத்தகைய சிறிய ஆய்வுகளுக்குத் தயங்காமல் நிதி ஒதுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.