பாலட்: கதைப்பாடலா, மென்னடைப் பாடலா?

ஜாஸ் பியானோ கலைஞர் அகமது ஜமால், 2019ஆம் ஆண்டில், தம் 89ஆம் வயதில் வெளியிட்ட இசைத்தொகுப்பின் பெயர் 'பலாட்ஸ்'. ஆங்கிலத்தில் பாலட் என வழங்கும் சொல்லின் பிரெஞ்சு வடிவமே பலாட். அகராதியைப் பார்த்துத் தலைப்பைக் 'கதைப்பாடல்கள்' என்று பெயர்த்தால் பொருள் பிறழ்ந்துவிடும். அந்தத் தொகுப்பின் பத்து உருப்படிகளில் எதுவும் கதை சொல்வதில்லை.

சொல்லின் வேரில் கதையே இல்லை. 'ஆடுதல்' எனப் பொருள்படும் 'பல்லாரே' என்ற பிற்கால இலத்தீன் வினையிலிருந்து, தென்பிரான்சின் பிரோவான்சு மொழியில் ஆடலுக்குரிய பாட்டைக் குறிக்கும் 'பலாதா' பிறந்தது. பாலே நடனத்தின் பெயரும் இவ்வேரினதே. பதினான்காம் நூற்றாண்டுப் பிரெஞ்சில் அது ஒரு யாப்பு வடிவமாக இறுகியது. இங்கிலாந்து, ஸ்காட்லாந்து நாட்டார் வழக்கிலோ கொலையும் காதலும் போரும் பாடும் கதைப்பாட்டானது. பிரான்சிஸ் ஜேம்ஸ் சைல்டு தொகுத்த 305 பாட்டுகள் இவ்வகையின. கட்டபொம்மு கதைப்பாடல், முத்துப்பட்டன் கதை போன்றவற்றோடு ஒப்பிட்டு நம் நாட்டாரியல் அறிஞர்கள் பாலட்டைக் 'கதைப்பாடல்' என்றது இப்பொருளுக்கு மிகப் பொருத்தம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் வீட்டுக் கூடங்களில் பாடப்பட்ட உருக்கமான பாட்டுகளுக்கும் அப்பெயர் பரவியது. அங்கிருந்து அமெரிக்கத் திரை, நாடகப் பாட்டுகளின் வழியே ஜாஸுக்குள் வந்தபோது கதை உதிர்ந்து, மெதுவான நடை மட்டுமே எஞ்சியது. ஆடலுக்குப் பிறந்த சொல், ஆட்டம் ஏறக்குறைய ஓய்ந்த இசைக்குப் பெயரானது வியப்புதான்.

ஆகவே இவ்விடத்தில் தமிழ்ச்சொல் நடையைச் சுட்ட வேண்டும். 'மெல்லிசை' என்பது நம்மிடையே வேறொரு வகைக்கு உரியதாகிவிட்டது. சிலப்பதிகார உரை கூறும் பாட்டின் நால்வகை இயக்கங்களில் மிக மெதுவாகச் செல்வது 'முதல்நடை'. ஆனால் அச்சொல்லை இன்று விளக்காமல் ஆள முடியாது. 'மென்னடைப் பாடல்' எளிது, தெளிவும் உண்டு. பியானோவில் குரல் இல்லையே, பாடல் என்னலாமா எனில், என்னலாம்: வாசிக்கப்படுபவற்றுள் பல, சொற்களோடு பிறந்த பாடல்கள்.

1958இல் சிகாகோவின் பெர்ஷிங் விடுதியில், வெர்னெல் ஃபோர்னியேயின் முரசொலி தாங்க, ஜமால் வாசித்துப் புகழ்பெற்ற 'பாயின்சியானா' இத்தொகுப்பிலும் உண்டு. இங்கே அவ்வுருப்படிக்கு முரசு இல்லை. தனிப் பியானோ மட்டுமே. அன்று தாளத்தால் நின்ற உருப்படி, இன்று மென்னடைப் பாடலாகியிருக்கிறது.