பச்சை ஓக் மரத்தில் எழுந்த வீடு

இங்கிலாந்தின் கென்ட் பகுதியில் சிடிங்ஸ்டோன் என்ற சிற்றூருக்கு அருகே, பவ் பீச் நீர்த்தேக்கம் அமைக்கும் பணி 1960களின் இறுதியில் நடந்தபோது, அங்கிருந்த பேலீஃப் என்னும் பழைய பண்ணை வீட்டுக்கு இடமில்லாமல் போயிற்று. கல்லாலோ செங்கல்லாலோ கட்டிய வீடாக இருந்திருந்தால் அத்துடன் அதன் கதை முடிந்திருக்கும். ஆனால் பேலீஃப் மரச்சட்டக வீடு. அதன் மர ஆணிகளைக் கழற்றி, தூண்களையும் விட்டங்களையும் ஒவ்வொன்றாகப் பிரித்து, மேற்கு சசெக்ஸில் சிங்கிள்டன் என்ற ஊரிலுள்ள திறந்தவெளி அருங்காட்சியகத்துக்குக் கொண்டுசென்று மீண்டும் பூட்டி நிறுத்தினார்கள். மரத்தின் ஆண்டு வளையங்களை ஆராய்ந்ததில், வீட்டின் நடுக்கூடம் 1405க்கும் 1430க்கும் இடையிலும், அதன் ஒரு முனையிலுள்ள அறைகள் 1505க்கும் 1510க்கும் இடையிலும் எழுந்தவை எனத் தெரியவந்தது.

இப்படிப் பிரித்துப் பூட்ட முடிந்ததற்குக் காரணம், இத்தகைய வீடுகள் தொடக்கத்திலேயே அவ்வாறுதான் உருவாயின என்பதே. தச்சர்கள் முதலில் தங்கள் பணிக்களத்தில் மரங்களைத் தரையில் கிடத்தி, ஒவ்வொரு சுவருக்கும் உரிய சட்டகத்தை அங்கேயே பொருத்திப் பார்த்தார்கள். எந்த மரம் எதனுடன் சேரவேண்டும் என்பதற்கு இரண்டு மரங்களிலும் ரோமன் எண்களைப் போன்ற கோடுகளைக் கீறினார்கள். பின்னர் அனைத்தையும் பிரித்து, வீடு எழும் இடத்துக்கு வண்டியில் ஏற்றிச் சென்று நிமிர்த்தினார்கள். நேர்க்கோடுகளை மரத்தில் கீறுவது எளிது, எழுத்தறிவும் தேவையில்லை. அந்தக் கீறல்கள் பல வீடுகளில் இன்றும் தெளிவாகத் தெரிகின்றன.

மரம் பெரும்பாலும் ஓக். அதை உலரவைக்காமல் வெட்டிய ஈரத்துடனேயே பயன்படுத்தினார்கள். உலர்ந்த ஓக் கோடரிக்கும் உளிக்கும் எளிதில் மசியாது. பச்சை மரமோ இலகுவாகச் செதுக்கக் கொடுக்கும். ஆனால் பச்சை மரம் சுவரில் நின்றபடியே பல ஆண்டுகள் உலரும், உலரும்போது சுருங்கும். அந்தச் சுருக்கம் எல்லாத் திசையிலும் ஒரே அளவில் நிகழாது. நீளவாக்கில் ஏறத்தாழ இல்லை எனலாம். குறுக்குவாக்கில், மையத்திலிருந்து வெளிநோக்கிச் சுருங்கும் அளவைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு, ஆண்டு வளையங்களின் போக்கில் சுருங்கும். இதனால் வீட்டின் உயரம் குறைவதில்லை; மரங்கள் வெடிக்கும், முறுக்கும், வளையும். இன்று அந்த வீடுகளில் நாம் காணும் கோணல்களில் பெரும்பகுதி முதல் சில பத்தாண்டுகளிலேயே நேர்ந்தது. அவற்றைத் தளர்ச்சியின் அடையாளமாகக் கொள்வது தவறு.

இந்த அசைவைத் தச்சர்கள் நன்கு அறிந்திருந்தார்கள் என்பதற்கு அவர்களுடைய பொருத்துகளே சான்று. ஒரு மரத்தின் நுனியை நாக்குப் போலச் செதுக்கி, மற்றொரு மரத்தில் குடைந்த துளைக்குள் செருகி, குறுக்கே ஓட்டையிட்டு மர ஆணி அடிப்பது அடிப்படை முறை. ஆனால் இரண்டு மரங்களின் ஓட்டைகளும் நேருக்கு நேர் அமைவதில்லை. நாக்கிலுள்ள ஓட்டையைச் சில மில்லிமீட்டர் நாக்கின் அடியை நோக்கித் தள்ளித் துளைத்தார்கள். கூர்முனையுள்ள மர ஆணியை அடித்து இறக்கும்போது அது சற்றே வளைந்து, நாக்கைத் துளைக்குள் இழுத்து இறுக்குகிறது. பின்னர் மரம் சுருங்கினாலும், வளைந்த ஆணியின் விசை பொருத்தைத் தளரவிடுவதில்லை. இரும்பு ஆணி இங்கே உதவாது, ஏனெனில் ஓக்கிலுள்ள டானின் என்னும் துவர்ப்புப் பொருள் இரும்பை அரித்து மரத்தையும் கருநீலமாக்கிவிடும்.

இக்கட்டடக்கலையின் உச்சம் என நான் கருதுவது தூணின் தலைப்பகுதி. தென்கிழக்கு இங்கிலாந்தின் தச்சர்கள் மரத்தைத் தலைகீழாக நிறுத்தி, அதன் பருத்த அடிப்பகுதி மேலே வருமாறு செய்தார்கள். அந்த அகன்ற தலையில் இரண்டு நாக்குகளைச் செதுக்க இடம் கிடைத்தது. வெளிப்புற நாக்கின் மேல் சுவரின் நீளவாக்கில் ஓடும் உத்தரம் அமர்ந்தது. உட்புற நாக்கின் மேல், அந்த உத்தரத்தையும் தாண்டிக் குறுக்கே செல்லும் விட்டம் அமர்ந்தது. விட்டத்தின் அடியில், நுனி அகன்றும் அடி குறுகியும் இருக்கும் வெட்டு ஒன்று உத்தரத்தைக் கவ்விப் பிடித்தது. கூரையின் பாரம் கைமரங்களின் வழியாக இறங்கிச் சுவர்களை வெளிநோக்கித் தள்ள முனையும்போது, இந்தக் கவ்வல் அதைத் தடுக்கிறது. அடுத்து, நான்கு மரங்களால் ஆன செவ்வகம் பக்கவாட்டில் தள்ளினால் சாய்ந்துவிடும். மூலையில் ஒரு சாய்சட்டத்தைப் பூட்டினால் முக்கோணம் உருவாகி, சாய்வு நின்றுவிடும். தூணையும் விட்டத்தையும் இணைக்கும் வளைந்த சட்டங்களின் பணி இதுவே. அவற்றுக்கு இயல்பாகவே வளைந்து வளர்ந்த கிளைகளைத் தேடி எடுத்தார்கள்.

பழைய கப்பல்களை உடைத்த மரங்களில் கட்டியவை என்று பல ஊர்களில் இவ்வீடுகளைப் பற்றிச் சொல்வார்கள். பயன்படாத துளைகள் மரங்களில் காணப்படுவது இந்த நம்பிக்கைக்கு இடம் தந்தது. அத்துளைகளில் பெரும்பாலானவை முந்தைய வீட்டிலிருந்தோ களஞ்சியத்திலிருந்தோ எடுத்துப் பயன்படுத்திய மரங்களின் எச்சங்களே.

சட்டகத்தின் இடைவெளிகளை வரிச்சும் மண்ணும் நிரப்பின. மேல் உத்தரத்தின் அடியில் துளைகளும் கீழ் மரத்தின் மேல் ஒரு காடியும் வெட்டி, பிளந்த ஓக் குச்சிகளை அவற்றில் நிறுத்தி, ஹேசல் மரத்தின் இளங்கொம்புகளைக் குறுக்கே பின்னினார்கள். களிமண், நறுக்கிய வைக்கோல், சாணம் ஆகியவற்றைக் குழைத்து இருபுறமும் அப்பி, மேலே சுண்ணாம்பு பூசினார்கள். இந்தச் சுவர் கூரையைத் தாங்குவதில்லை. சட்டகம் அசையும்போது இது மெல்லிய கீறல்களாகப் பிரிந்து, அடுத்த சுண்ணாம்புப் பூச்சில் மூடிக்கொள்கிறது. மழையில் நனைந்தாலும் களிமண்ணும் சுண்ணாம்பும் ஈரத்தை ஆவியாக வெளியே விட்டுவிடுகின்றன.

பேலீஃபின் நடுக்கூடத்துக்கு மேல்மாடி இல்லை, புகைபோக்கியும் இல்லை. தரையின் நடுவே எரிந்த தீயின் புகை கூரை வரை எழுந்து மெல்லக் கசிந்து வெளியேறியது. பல வீடுகளில் கூரைக்குள் ஏறிப் பார்க்கும் ஆய்வாளர் முதலில் தேடுவது கரி படிந்த கைமரங்களைத்தான். அவை இருந்தால் அங்கே ஒரு காலத்தில் திறந்த கூடம் இருந்தது உறுதி. கண்ணாடி இல்லாத சன்னல்களை மரக்கம்பிகளும் பலகைக் கதவுகளும் காத்தன. கூடத்தின் இருமுனைகளிலும் மாடியறைகள் கீழ்ச்சுவரைத் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. நெருக்கமான நகரத் தெருக்களில் இடம் தேடித்தான் இப்படி நீட்டினார்கள் என்பது போதுமான விளக்கமாகாது. பேலீஃப் நின்றதோ வயல்வெளியில். வீட்டுக்காரரின் வசதியை வழிப்போக்கருக்குக் காட்டுவதும் அதன் நோக்கம் என்றே நான் எண்ணுகிறேன்.

பதினாறாம் நூற்றாண்டில் செங்கல் புகைபோக்கிகள் பெருகின. எசெக்ஸின் ராட்விண்டரில் பாதிரியாராக இருந்த வில்லியம் ஹாரிசன், தம் ஊர் முதியவர்கள் கண்ட பெருமாற்றங்களில் ஒன்றாகப் புதிய புகைபோக்கிகளின் பெருக்கத்தை 1577இல் பதிவுசெய்தார். புகை ஒரு குழாய்க்குள் அடங்கியதும், கூடத்தின் நடு உயரத்தில் தளம் போட்டு மேலே அறைகளை அமைத்தார்கள். பதினெட்டாம் நூற்றாண்டில் மரச்சட்டகம் நாகரிகக் குறைவாகத் தோன்றியதால், பலர் முகப்பைச் செங்கல்லாலும் காரையாலும் மறைத்தார்கள். கன்னங்கரிய மரமும் வெண்சுவருமான தோற்றமும் பல ஊர்களில் பழமையானதன்று; மரத்துக்குத் தார் பூசும் வழக்கம் பத்தொன்பதாம் நூற்றாண்டில்தான் பரவியது. அதற்கு முன் ஓக் இயல்பான சாம்பல் நிறத்தில் நின்றது, அல்லது சுவருடன் சேர்த்துச் சுண்ணாம்பு பூசிக்கொண்டது.

உண்மையான கேடு இருபதாம் நூற்றாண்டில் சிமெண்டுடன் வந்தது. சிமெண்டுப் பூச்சு இறுகியது. மரம் அசைந்ததும் அதன் ஓரங்களில் வெடித்து மழைநீரை உள்ளே விட்டது, ஆனால் அந்த நீரை ஆவியாக வெளியேற விடவில்லை. மரத்தின் ஈரம் 20 விழுக்காட்டைத் தாண்டி நீடித்தால் பூஞ்சை வேர்கொள்ளும். பூஞ்சை மென்மையாக்கிய மரத்தை வண்டின் புழுக்கள் ஆண்டுக்கணக்கில் குடையும். ஓக்கின் வெளிறு, அதாவது பட்டையை ஒட்டிய வெளிப்பகுதி, விரைவில் இரையாகும். வைரம் எனப்படும் உள்மரம் நெடுங்காலம் தாங்கும், ஆனால் ஓயாத ஈரத்தில் அதுவும் தோற்கும்.

ஆகவே இன்று இவ்வீடுகளைச் செப்பனிடுவோர் முதலில் சிமெண்டைப் பெயர்த்தெடுத்துச் சுண்ணாம்புக் காரையைப் பூசுகிறார்கள். மண்ணை ஒட்டி நிற்கும் அடிமரமும் தூண்களின் கால்களுமே பெரும்பாலும் உளுத்திருக்கும். தூண் முழுவதையும் மாற்றாமல், உளுத்த பகுதியை மட்டும் வெட்டி நீக்கி, சாய்வான பொருத்தில் புதிய ஓக் துண்டைச் சேர்த்து, மர ஆணிகளால் பூட்டுகிறார்கள்.