உலர் உணவுப் பொதியில் ஒரு கிலோ சத்துமா: செய்யும்போது எங்கே பிழைக்கிறது?

திருகோணமலை மாவட்டத்தில் மூதூர், கிண்ணியா, குச்சவெளிப் பக்கம் தொண்டு அமைப்புகள் கொடுக்கும் உலர் உணவுப் பொதியைப் பிரித்தால் அரிசி, கோதுமை மா, சீனி, பருப்பு, தேயிலை இருக்கும். பெரியவர்களின் வயிறு நிறையும். ஆறு மாதம் முதல் இரண்டு வயது வரையான பிள்ளைக்கு அதில் பருப்பைத் தவிரச் சொல்லும்படி ஒன்றுமில்லை. சீனியையும் மாவையும் பாதியாக்கினால், மிஞ்சும் காசைச் சத்துமாவுக்குப் போடலாம்.

ஒரு கிலோவுக்குச் சிவப்பரிசி 500 கிராம், பயறு 250, கச்சான் 150, எள்ளு 100. 50 கிராம் மாவில் ஏறத்தாழ 200 கிலோகலோரியும் 7 கிராம் புரதமும் கிடைக்கும். புரதத்தின் கூறுகளில், அரிசியில் குறையும் லைசினைப் பயறும், பயறில் குறையும் மெதியோனினை எள்ளும் ஈடுசெய்கின்றன. ஆனால் இது அரச கிளினிக்குகளில் கொடுக்கும் திரிபோஷா என்ற சத்துமாவுக்கு மாற்றல்ல. அதில் விற்றமின்களும் தாதுக்களும் தனியாகச் சேர்க்கப்படுகின்றன. கிளினிக்கில் திரிபோஷா கிடைக்கும் பிள்ளைக்கு அதை நிறுத்தக் கூடாது.

பெரும்பாலும் பிழைப்பது கச்சானில்தான். மாரியில், காற்றே நனைந்திருக்கும் கார்த்திகை, மார்கழியில், சாக்கில் கிடக்கும் கச்சானில் பூஞ்சணம் பிடித்து அஃப்ளாடொக்சின் உண்டாகும். வறுத்தாலும் அவித்தாலும் அந்த நஞ்சு முழுதாகப் போகாது. ஆகவே சுருங்கியது, நிறம் மாறியது, பச்சை படிந்தது எல்லாவற்றையும் வறுக்கும் முன்பே கையால் பொறுக்கி எறிய வேண்டும். கோழிக்கும் போடக் கூடாது. அரிசியும் பயறும் காய்ந்தனவா என்று பார்க்க, உலர்ந்த கண்ணாடிப் போத்தலில் ஒரு பிடி தானியத்தோடு நன்றாகக் காய்ந்த உப்புக் கொஞ்சம் போட்டுக் குலுக்கிச் சிறிது நேரம் வையுங்கள். உப்புப் போத்தல் சுவரில் ஒட்டினால் இன்னும் வெயில் வேண்டும்.

ஒவ்வொன்றையும் தனித்தனியே வறுக்க வேண்டும். சேர்த்து வறுத்தால் எள்ளுக் கருகும், பயறு வேகாது. கச்சானின் தோலை நீக்கிவிடுங்கள். மில்லில் கச்சானையும் எள்ளையும் தனியாகக் கொட்டினால் எண்ணெய் கக்கிக் களியாகி அடைத்துக்கொள்ளும். அரிசியோடு கலந்தே அரைக்க வேண்டும். முன்பு மிளகாய் அரைத்த மில்லென்றால் முதலில் இரண்டு பிடி பச்சரிசியை ஓட விட்டு அதை ஒதுக்கிவிடுங்கள். (பிள்ளை கஞ்சியைத் துப்பினால் தாய் மாவைத்தான் குறை சொல்வார்.) மா நன்றாக ஆறிய பிறகே பையை ஒட்ட வேண்டும். சூட்டோடு ஒட்டினால் உள்ளே வியர்த்துக் கட்டி பிடிக்கும். கச்சானும் எள்ளும் இருப்பதால் ஒரு மாதத்துக்கு மேல் வைக்க வேண்டாம். காறல் வாசம் வந்தால் வீசிவிடுங்கள்.

அடுத்த சிக்கல் அடுப்படியில். விழுங்க இலகுவென்று கஞ்சியைத் தண்ணீராகக் கரைத்தால் சின்ன வயிறு தண்ணீரிலேயே நிறைந்துவிடும். கரண்டியைச் சரித்தால் வழிந்தோடாத பதம் வேண்டும். அவ்வளவு தடிப்பை ஏழு மாதப் பிள்ளை மறுத்தால் முளைக்குரக்கன் மா உதவும். குரக்கனை இரவு ஊறவைத்து, ஈரத்துணியில் இரண்டு நாள் கட்டி, முளை வந்ததும் வெயிலில் காயவைத்து அரையுங்கள். கடுமையாக வறுத்தால் கஞ்சியை இளக்கும் நொதி செத்துவிடும். தடித்த கஞ்சியை இறக்கிக் கொதி அடங்கியதும் ஒரு தேக்கரண்டி கலந்து சில நிமிடம் விட்டால் தானாக இளகும். பிறகு கட்டாயம் மீண்டும் கொதிக்கவிட வேண்டும், முளையில் கிருமி இருக்கலாம். இளகினாலும் சத்துக் குறையாது.

உப்பில்லாமல் காயவைத்த நெத்தலியைத் தலை நீக்கி இடித்து ஒரு தேக்கரண்டி சேர்த்தால் கல்சியமும் பி12உம் கிடைக்கும். உப்புக் கருவாடு வேண்டாம். கஞ்சியோடு பிளேன்டீ கொடுப்பது இங்கே சாதாரணம், ஆனால் தேநீர் இரும்புச்சத்து உறிஞ்சப்படுவதைக் குறைக்கும். பதிலாகக் கொய்யா அல்லது தேசிக்காய்ச் சாறு நல்லது. முழுக் கச்சான் சின்னப் பிள்ளைகளுக்குத் தொண்டையில் அடைக்கும்.

ஒரு பிள்ளைக்கென்று கொடுத்த பையை நாலு பிள்ளைகள் பங்குபோடுவார்கள். அது தாயின் குற்றமில்லை, கணக்கிட்ட அமைப்பின் குற்றம். வீட்டிலுள்ள பிள்ளைகள் எல்லோரையும் எண்ணியே அளவு கொடுக்க வேண்டும்.

ஆறு மாதத்துக்கும் ஐந்து வயதுக்கும் இடைப்பட்ட பிள்ளையின் மேற்கையின் நடுச்சுற்றளவு 11.5 சென்ரிமீற்றருக்குக் குறைந்தாலோ, இரண்டு பாதங்களையும் பெருவிரலால் மூன்று விநாடி அழுத்தி எடுத்ததும் குழி நின்றாலோ சத்துமாவோடு காத்திருக்க வேண்டாம். அன்றே குடும்பநல உத்தியோகத்தரிடமோ வைத்தியசாலைக்கோ கொண்டுபோங்கள்.