கண்காணிப்பு என்ற சொல்லுக்குள் வேவு

சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கும் என் மகள் போன மாதம் ஒரு கட்டுரை எழுதிக்கொண்டிருந்தாள். மனிதன் தொழில்நுட்பத்தைத் தவறாகப் பயன்படுத்துவது பற்றிய கட்டுரை. செயற்கை நுண்ணறிவு, முகத்தை வைத்து ஆளைப் பிடிக்கும் கமரா, கைபேசிக்குள் இருந்து ஒட்டுக்கேட்பது எல்லாம் எழுதியிருந்தாள். ஓரிடத்தில் பேனை நின்றுவிட்டது.

"அப்பா, சர்வைலன்ஸ் எண்டதுக்குத் தமிழ் என்ன?"

"கண்காணிப்பு" என்றேன்.

"டெங்கு நுளம்பு இருக்கோ எண்டு பீ.எச்.ஐ. வந்து வளவைப் பாக்கிறதும் கண்காணிப்புத்தானே? அது நல்லதுதானே? பிறகெப்பிடி அதைக் கெட்டது எண்டு எழுதுறது?"

பீ.எச்.ஐ. என்றால் பொதுச் சுகாதாரப் பரிசோதகர். எனக்கு உடனே பதில் வரவில்லை. திருகோணமலை மத்திய வீதியில் பாதிக் கடைகளின் கண்ணாடியில் 'இவ்விடம் கண்காணிக்கப்படுகிறது' என்று ஒட்டியிருக்கிறார்கள். தினமும் பார்க்கிற சொல். அதற்குள் இத்தனை இருக்கும் என்று அவள் கேட்ட பிறகுதான் யோசித்தேன்.

முதலில் அந்த வேற்றுமொழிச் சொல். சர்வைலன்ஸ் ஆங்கிலத்துக்குப் பிரெஞ்சிலிருந்து போனது. 'சூர்' என்றால் மேலே. 'வெய்யே' என்றால் விழித்திருத்தல். அது இலத்தீனில் இரவுக் காவலைக் குறித்த சொல்லின் பிள்ளை. ஆகவே நேர்ப்பொருள், மேலிருந்து விழித்திருத்தல். எங்கள் ஊர்க்காரருக்கு இதை விளக்கத் தேவையில்லை. கோணேசர் கோயில் உள்ள சுவாமிமலைக்கு ஏறி, இராவணன் வெட்டு என்ற மலைப்பிளவருகே நின்றால் குடாவும் கடலும் வந்துபோகும் கப்பலும் காலடியில் தெரியும். 1624இல் போர்த்துக்கேயர் கோணேசர் கோயிலின் கற்களைக் கொண்டே அங்கே கோட்டை கட்டியது அந்த உயரத்துக்காகத்தான். 1639இல் ஒல்லாந்தர் வந்ததும் 1795இல் ஆங்கிலேயர் வந்ததும் அதற்காகத்தான். இடையே 1782இல் பிரெஞ்சுக்காரரும் கொஞ்சக் காலம் அதைப் பிடித்து வைத்திருந்தார்கள்.

அதே பிரெஞ்சுக்காரரின் நாட்டில் பதினொரு ஆண்டு கழித்து இந்தச் சொல்லுக்கு ஒரு புதிய வேலை கிடைத்தது. 1793 மார்ச்சில், புரட்சியின் நடுவே, ஊருக்கு ஊர் 'சர்வைலன்ஸ் குழுக்கள்' அமைக்கச் சட்டம் வந்தது. முதலில் வெளிநாட்டவரைப் பதிவு செய்வதே அவற்றின் வேலை. அந்த செப்டம்பரிலேயே, சந்தேகத்துக்குரியவர் யார் என்று பட்டியல் போட்டுப் பிடிக்கும் அதிகாரமும் அவற்றின் கைக்கு வந்தது. இடையில் போனது ஆறு மாதம். அந்நியரை எண்ணத் தொடங்கிய பட்டியலில் சொந்த அயலவரின் பெயர் வந்துவிட்டது. பதிவுத் தாளில் வீட்டார் பெயரை எழுதி வைத்து, வந்து கேட்கும்போதெல்லாம் எடுத்துக் காட்டி வளர்ந்த எங்களுக்கு இந்தக் கதை தூர தேசத்துக் கதையாகத் தோன்றாது.

சரி, இனி நம்முடைய சொல். கண் + காண் + இ. கடைசியில் வரும் இகரம் 'செய்பவர்' என்று பொருள்தரும் விகுதி. கண்ணால் காண்பவர் கண்காணி. பேச்சில் ணகரம் பின்னால் நிற்கும் ககரத்துக்கு வளைந்துகொடுத்து ஙகரமாகி, கங்காணி ஆயிற்று. சோழர் காலக் கல்வெட்டுகளில் கோயில் காரியங்களை மேற்பார்த்தவர்களுக்குக் கண்காணி என்று பெயர். சிங்களத்திலும் இந்தச் சொல் புகுந்து, இன்றைக்கும் கன்கானம்கே என்ற குடும்பப் பெயராக நாடெங்கும் வாழ்கிறது.

இலங்கைத் தமிழர் காதில் இந்தச் சொல்லுக்கு ஏறிய கசப்பு மலைநாட்டில் ஏறியது. கோப்பித் தோட்டக் காலத்திலிருந்தே தமிழ்நாட்டுக் கிராமங்களில் ஆள் சேர்த்து வந்தவர் கங்காணி. வழிச்செலவுக்குக் கடன் கொடுத்தவர் அவர். காலையில் பிரட்டுக்களத்தில் ஆளை எண்ணியவரும் அவர். வேலைக்கு வந்த ஒவ்வொரு தலைக்கும் அவருக்குத் தலைக்காசு கிடைத்தது. ஒரு தோட்டத்தை விட்டு இன்னொன்றுக்குப் போக வேண்டுமென்றால் 'துண்டு' வேண்டும். இவ்வளவு கடனைத் தீர்த்தால் இந்த ஆட்களை விடுவிப்போம் என்று தோட்டத்துரை எழுதிக் கொடுக்கும் கடுதாசி அது. 1921இல் துண்டு முறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. அதுவரை ஒரு மனிதன் எங்கே போகலாம் என்பதை அவனைப் பற்றி வேறொருவர் எழுதிய துண்டுக் கடுதாசி தீர்மானித்தது. எங்களைப் பற்றி எங்கேயோ ஒரு கணினியில் கிடக்கும் பதிவுகளை நினைக்கும்போதெல்லாம் எனக்கு இந்தத் துண்டுதான் ஞாபகம் வருகிறது. கையில் இருந்தவனுக்கே அதை வாசிக்கத் தெரியாது. ஆனால் அவன் வாழ்க்கை அதில் இருந்தது.

ஆனாலும் கங்காணிக்கு ஒரு முகம் இருந்தது. அவர் யார், எந்த ஊர், எந்த லயத்துப் பக்கம் வருவார் என்று தெரியும். திட்டலாம், கெஞ்சலாம், கூட்டமாகப் போய் நியாயம் கேட்கலாம். இந்த இடத்தை நான் விட மாட்டேன், ஏனென்றால் சொல்லின் உயிர் இங்கேதான் இருக்கிறது. திருமூலர் பாடியதைப் பாருங்கள்:

கண்காணி இல்லென்று கள்ளம் பலசெய்வார்
கண்காணி இல்லா இடமில்லை காணுங்கால்
கண்காணி யாகக் கலந்தெங்கும் நின்றானைக்
கண்காணி கண்டார் களவொழிந் தாரே.

'தப்புச் செய்யாதவனுக்குக் கமராவில் என்ன பயம்' என்று கேட்பவர்கள் இந்தப் பாட்டின் முதல் இரண்டு அடிகளை மட்டும் எடுத்துக்கொள்கிறார்கள். கடைசி அடி வேறு கதை சொல்கிறது. களவு ஒழிந்தது பார்க்கப்பட்டதால் என்று அவர் பாடவில்லை. 'கண்காணி கண்டார்' என்கிறார். பார்க்கிறவனைப் பார்த்தவர்கள் அவர்கள். பார்வை இரண்டு பக்கமும் போகிறது. பீ.எச்.ஐ. வளவுக்குள் வரும்போதும் அப்படித்தான். யார், எதற்கு, எதைப் பார்க்கிறார் என்று எனக்குத் தெரியும். எதை எழுதுகிறார் என்றும் கேட்கலாம். தமிழில் கண்காணிப்பு என்ற சொல் இந்த உறவுக்குத்தான் பொருந்துகிறது.

பார்ப்பவர் மறைந்திருந்தால் தமிழில் அதற்கு வேறு சொல் உண்டு. வேய். தொல்காப்பியத்தில் வெட்சித் திணை சொல்லும்போது 'புடைகெட ஒற்றின் ஆகிய வேயே' என்று வருகிறது. பகைவரின் ஆநிரையைக் கவரப் போகிறவர்கள் அக்கம்பக்கத்தில் யாரும் அறியாதபடி போய் ஒற்றறிவது வேய். நாம் இன்று சொல்லும் வேவு அதன் வழிவந்தது. அதாவது வேவு பார்ப்பவனுக்கு எதிரே இருப்பவன் பகைவன். சொல்லுக்குள்ளேயே அந்த முடிவு எடுக்கப்பட்டுவிட்டது.

திருக்குறளில் ஒற்றாடல் என்று ஓர் அதிகாரமே உண்டு. 'எல்லார்க்கும் எல்லாம் நிகழ்பவை எஞ்ஞான்றும் வல்லறிதல் வேந்தன் தொழில்' என்ற 582ஆம் குறளை இன்றைக்குப் படித்தால் வயிற்றைக் கலக்குகிறது. எல்லாருக்கும் நடக்கும் எல்லாவற்றையும் எந்நாளும் விரைவாக அறிவது அரசன் வேலையாம். வள்ளுவருடைய காலத்தில் அது எந்த அரசனாலும் முடியாத காரியம். இன்று அதற்கான கருவி இருக்கிறது. அதனால்தான் அதே அதிகாரத்தில் அடுத்து வரும் குறள்களை விடாமல் பிடித்துக்கொள்ள வேண்டும் என்கிறேன். ஓர் ஒற்றன் கொண்டுவந்த செய்தியை இன்னோர் ஒற்றனை வைத்துச் சரிபார் என்கிறது 588. ஒருவரை ஒருவர் அறியாத மூன்று ஒற்றர் சொல்லும் ஒத்துப்போனால் மட்டும் நம்பு என்கிறது 589. ஒற்றன் பிழைவிடுவான் என்று வள்ளுவருக்குத் தெரிந்திருந்தது.

இனி நான் எழுத வந்த சொல். அகராதியில் இதற்கு இந்தப் பொருள் இருக்காது. எங்கள் பக்கத்துப் பெரியவர்களிடம் கேட்டுப் பாருங்கள். தலையாட்டி. தலை + ஆட்டு + இ. கண்காணியில் உள்ள அதே இகரம். யுத்தக் காலத்துச் சுற்றிவளைப்புகளில் இராணுவத்தினர் ஊர் ஆண்களை மைதானத்தில் வரிசையாக நிறுத்துவார்கள். முகத்தை மூடி, கண்ணுக்கு இரண்டு ஓட்டை விட்டு, ஒருவரைக் கொண்டுவந்து முன்னால் இருத்தியிருப்பார்கள். வரிசை ஒவ்வொருவராக அவரைக் கடக்கும். அவர் தலையை ஆட்டினால் அந்த ஆள் தனியாக எடுக்கப்படுவார். ஏன் ஆட்டினார் என்று கேட்க முடியாது. யார் என்றும் தெரியாது. என் சின்ன மாமாவுக்கு அப்படி ஒரு தலை ஆடியது. பதினொரு நாள் கழித்து, ஆள் மாறிவிட்டது என்று விட்டார்கள். அந்தப் பதினொரு நாளைப் பற்றி அவர் எங்களோடு பேசியதில்லை.

முகமறியும் கமராவின் வேலை முறையைப் படித்தபோது எனக்கு அந்த மைதானம்தான் தெரிந்தது. அந்த இயந்திரம் முகத்தைக் காண்பதே இல்லை. காண்பது என்பது தமிழில் பெரிய சொல். மெய்ப்பொருள் காண்பதுதான் அறிவு. இயந்திரம் முகத்தை நூற்றுக்கணக்கான எண்களாக மாற்றுகிறது. பட்டியலில் இருக்கும் முகங்களின் எண்களோடு ஒப்பிட்டு, எது கிட்ட வருகிறது என்று கணக்கிடுகிறது. எவ்வளவு கிட்ட வந்தால் 'இவர்தான்' என்று சொல்வது? அந்த எல்லைக்கோட்டை ஒரு மனிதர் எங்கேயோ இருந்து போட்டுவைக்கிறார். கோட்டைத் தாண்டினால் தலை ஆடும்.

பிழையும் எல்லா முகத்துக்கும் ஒரே மாதிரி வருவதில்லை. அமெரிக்க அரசின் தர நிர்ணய நிறுவனம் 2019 டிசம்பரில் வெளியிட்ட ஆய்வில், பல மென்பொருள்கள் ஆசிய, ஆப்பிரிக்க அமெரிக்க முகங்களில் ஒருவரை இன்னொருவராகத் தவறாக எடுப்பது வெள்ளையர் முகங்களைவிட 10 முதல் 100 மடங்கு வரை கூடுதலாக இருந்தது. அடுத்த மாதமே டெட்ராய்ட் நகரப் பொலிஸார் ஒரு கறுப்பின மனிதரைக் கைக்கடிகாரம் திருடியதாக அவர் வீட்டு முன்றிலில் வைத்து, மனைவி பிள்ளைகள் பார்க்கக் கைது செய்தார்கள். தெளிவில்லாத கடைக் கமராப் படமும் அவருடைய பழைய சாரதி அனுமதிப்பத்திரப் படமும் ஒத்துப்போகிறது என்று கணினி சொன்னது. ஏறத்தாழ 30 மணி நேரம் அடைத்து வைத்திருந்தார்கள். ஆள் அவர் இல்லை. 2024இல் வழக்கு முடிந்தபோது, முகமறியும் கணினியின் சொல்லை மட்டும் வைத்து இனி யாரையும் கைது செய்வதில்லை என்று அந்நகரப் பொலிஸ் ஒப்புக்கொண்டது. 588ஆம் குறளுக்கு வந்துசேர அவர்களுக்கு நாலு வருடம் பிடித்தது.

செயற்கை நுண்ணறிவு எங்களை ஆளப்போகிறது, இயந்திரம் மனிதனை அடிமையாக்கும் என்று பலர் பயப்படுகிறார்கள். அந்தப் பயத்தை நான் சின்னதாக நினைக்கவில்லை. ஆனால் எனக்குக் கிட்டத்தில் தெரியும் பயம் வேறு. தலையாட்டியை மைதானத்துக்குக் கொண்டுவந்து இருத்தியவர்கள் மனிதர்கள். இந்தக் கமராவைச் சந்தியில் பூட்டுபவர்களும், பட்டியல் போடுபவர்களும், அந்தக் கோட்டைக் கீறுபவர்களும் மனிதர்களே. இயந்திரம் தலையாட்டியது என்று கைகாட்டிவிட்டு அவர்கள் பின்னுக்குப் போய்விடலாம்.

எங்கள் நாட்டில் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் முகம், கைரேகை போன்ற உடல் அடையாளங்களைத் தனிக் கவனத்துக்குரிய தரவு என்கிறது. இயந்திரம் தானாக எடுத்த முடிவை மீளாய்வு செய்யுங்கள் என்று கேட்கும் உரிமையையும் தருகிறது. நல்ல சட்டம். அதன் முக்கியமான பகுதிகள் 2025 மார்ச்சில் நடைமுறைக்கு வர இருந்து, தள்ளிப்போயின. சின்ன மாமாவுக்கு அன்று தேவைப்பட்டது இந்த ஒரே உரிமைதான்: ஏன் ஆட்டினாய் என்று கேட்பது.

ஆகவே தமிழில் என்ன எழுதலாம்? கடைக்குள் பலகை மாட்டி வைத்திருக்கும் கமரா, டெங்குப் பரிசோதனை, காய்ச்சல்காரரை வார்டில் பார்ப்பது, இவற்றுக்குக் கண்காணிப்பு சரியான சொல். அறிவிக்காமல், எதற்கென்று சொல்லாமல், ஊர் முழுவதையும் பார்த்துச் சேகரித்து வைப்பதற்கு வேவு என்றே எழுதுவோம். எல்லாரையும் ஒன்றாய்ப் பார்ப்பதென்றால் திரள்வேவு. அதற்கும் கண்காணிப்பு என்று எழுதினால் சுடுசொல்லைச் சர்க்கரையில் தோய்த்துக் கொடுப்பதாகிவிடும். ஒற்று, உளவு என்பவை ஆள் வைத்துச் செய்யும் வேலைக்குப் பொருந்தும். உளவு நிறுவனங்களுக்கு அந்தப் பெயர் பதிந்தும்விட்டது. முகமறியும் கமராவுக்கு நான் வீட்டில் தலையாட்டிக் கமரா என்றுதான் சொல்கிறேன். மகளும் அப்படியே எழுதினாள்.

எழுதி முடித்ததும் உவர்மலைக்குக் கொண்டுபோய்ச் சின்ன மாமாவிடம் காட்டினாள். அவர் அந்தச் சொல்லில் விரலை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தார்.

"அதுக்குக் கண் இருந்தது, பிள்ளை" என்றார். "ஓட்டைக்குள்ளால தெரிஞ்சது. எனக்கு முன்னால நிண்ட பொடியனைக் கனநேரம் பாத்துக்கொண்டு இருந்தது. தண்ணி முட்டின கண். ஆட்டேல்ல. பிறகு எனக்கு ஆட்டினது."

மகள் அதைக் கட்டுரையில் சேர்க்கவில்லை. சொல் கூடிவிடும் என்றாள். நான் இங்கே சேர்த்திருக்கிறேன்.