வேலை இல்லாத நாளில் மூக்கு எப்படி இருக்கிறது?

தச்சு வேலை செய்பவர் யாராவது மூக்கடைப்பு, தும்மல் என்று வந்தால், மருந்து எழுதுவதற்கு முன் ஒன்று கேட்பேன்: "வேலை இல்லாத நாள்ல எப்படி இருக்கு?" பலர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "அன்னைக்குப் பரவாயில்லைங்க டாக்டர்" என்பார்கள். பாதி வைத்தியம் அந்தப் பதிலில் இருக்கிறது.

சில மாதங்களுக்கு முன் ஒரு பெரியவர் வந்தார். ஈட்டி (ரோஸ்வுட்) மரத்தில் அலமாரி செய்துகொண்டிருந்தவர். சட்டைக் கை முடியும் இடத்திலிருந்து விரல் வரை தோல் சிவந்து தடித்திருந்தது. இமை வீங்கி, மூக்கு தண்ணீராக ஒழுகியது. மரத்தூள்தான் காரணமாக இருக்கும் என்றேன். "முப்பது வருஷமா இதே மரத்தைத்தான் இழைக்கிறேன். இத்தனை நாள் ஒண்ணும் பண்ணலையே?" என்றார்.

ஒவ்வாமை அப்படித்தான் வரும். ஒரு பொருளை எதிர்க்க உடம்பு பழகுவதற்குச் சிலருக்கு வாரங்கள் ஆகும், சிலருக்கு வருடங்கள் ஆகும். பழகிவிட்டால் அப்புறம் துளித் தூளே போதும். ஈட்டி வகை மரங்களில் டால்பெர்ஜியோன், தேக்கில் டீஆக்சிலாப்பச்சால் என்று தோலைச் சீண்டும் வேதிப்பொருட்கள் உண்டு. பூச்சியும் பூஞ்சையும் அண்டாமலிருக்க மரம் சேர்த்து வைக்கும் இப்படிப்பட்ட பொருட்கள் வைரம் பாய்ந்த நடுக்கட்டையில்தான் அதிகம். நாம் தேடி வாங்குவதும் அந்தக் கட்டையைத்தான்.

சில மரங்கள் முதல் நாளே காட்டிவிடும். தில்லை மரத்தின் பால் கண்ணில் தெறித்தால் தற்காலிகமாகப் பார்வையே போகலாம். சேங்கொட்டைப் பால் பட்ட இடம் கொப்பளிக்கும். அரளியில் விஷமில்லாத பாகமே கிடையாது, அதில் கரண்டி, கிண்ணம் எதுவும் கடையாதீர்கள். வெஸ்டர்ன் ரெட் சீடர் என்ற வட அமெரிக்க மரம் வேறு மாதிரி. அதன் பிளிகாட்டிக் அமிலம் ஆஸ்துமாவைக் கிளப்பும், மூச்சிரைப்பு வேலை முடிந்து பல மணி நேரம் கழித்து, ராத்திரியில் வரும். அதனால் பலர் மரத்தைச் சந்தேகப்படுவதே இல்லை.

என்னை அதிகம் கவலைப்படுத்துவது ஒவ்வாமை அல்ல, புற்றுநோய். இங்கிலாந்தில் நாற்காலி செய்வதற்குப் பேர்போன ஹை விக்கம் பகுதியில், மரச்சாமான் தொழிலாளர்களுக்கு அரிதான ஒரு மூக்குப் புற்றுநோய் அடிக்கடி வருவதை 1960களில் காது மூக்கு தொண்டை மருத்துவர்கள் கவனித்தார்கள். 1995இல் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை மரத்தூளையே மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று வகைப்படுத்தியது. தூளைச் சுவாசித்த காலத்துக்கும் நோய்க்கும் நடுவே பல பத்து வருடங்கள் ஓடிவிடும். ஒரு பக்க மூக்கு மட்டும் விடாமல் அடைத்தாலோ, ஒரே பக்கம் ரத்தம் கசிந்தாலோ சளி என்று தள்ளிப்போடாதீர்கள். உடனே காட்டுங்கள், என்ன தொழில் என்பதையும் சொல்லுங்கள்.

இழைப்புளியில் வரும் சுருள் சீவல் காலடியில் விழுந்துவிடும். சாண்டிங் மெஷினில் வருவது மாவு. ஜன்னல் வெயிலில் மிதப்பது தெரிகிறதே, அதைவிட நுண்ணிய தூள் கண்ணுக்கே தெரியாமல் நெடுநேரம் காற்றில் நிற்கும். அதனால் தூளை அது கிளம்பும் இடத்திலேயே உறிஞ்சும் குழாயை மெஷினோடு பொருத்துவதுதான் முதல் வேலை. முகக்கவசம் அதற்கு அப்புறம்தான். மூக்கில் கட்டும் துண்டு நுண்தூளைத் தடுக்காது. என்95 தடுக்கும், ஆனால் தாடி இருந்தால் ஓரத்தில் இடைவெளி விழும். பாலிஷ், தின்னர் ஆவிக்கு அதுவும் உதவாது.

மாலையில் கம்ப்ரஸர் காற்றால் சட்டையை ஊதிக்கொள்ளும் பழக்கத்தை மட்டும் தயவுசெய்து விடுங்கள். படிந்திருந்த தூள் மொத்தமும் திரும்ப மூக்குக்கே வரும். உலர் துடைப்பமும் அப்படித்தான். வேக்யூம் கிளீனரோ ஈரத்துணியோ போதும். சாப்பிடும் முன் கை, முகம் கழுவுங்கள், வேலைச் சட்டையைப் பட்டறையிலேயே மாற்றுங்கள். பழைய பச்சை நிறப் பதப்படுத்திய கட்டையில் ஆர்சனிக் இருக்கலாம். அதை அடுப்பில் வைக்கவே கூடாது, சாம்பலிலும் விஷம் தங்கும்.

அந்தப் பெரியவர் இப்போது ஈட்டியைத் தொடுவதில்லை. கை தேறிவிட்டது. ஈட்டி வேலையை மகன் பார்க்கிறானாம். "மாஸ்க் போடுறானா?" என்றேன். சிரித்தார். அடுத்த முறை அவனையும் கூட்டிவரச் சொல்லியிருக்கிறேன்.