கடிதத்தோடு நிற்பவரா, கேள்வி வரைக்கும் போகிறவரா?

சிங்கப்பூரில் குடும்ப சேவை நிலையம் ஒன்றில் சமூகப் பணியாளராக இருக்கிறேன், 16 வருடமாகிறது. என்னிடம் வரும் குடும்பங்களுக்குத் துணையாக நாடாளுமன்ற உறுப்பினரின் மக்கள் சந்திப்புக்கு எத்தனை தடவை போய் உட்கார்ந்திருப்பேன் என்று கணக்கே இல்லை. சில இடங்களில் அது பாலர் பள்ளி வகுப்பறையில் நடக்கும், பிள்ளைகளின் குட்டி நாற்காலியில் பெரியவர்கள் முழங்காலை மடக்கிக்கொண்டு தங்கள் எண் வரும்வரை காத்திருப்பார்கள். சில இடங்களில் புளோக்கின் கீழ்த்தளம், மடக்கு மேசை, பிளாஸ்டிக் நாற்காலி. கட்சி மாறும், ஆள் மாறும், மக்கள் மடியில் வைத்திருக்கும் அந்தப் பிளாஸ்டிக் பை மட்டும் மாறாது. மின்கட்டண பில், வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) கடிதம், மருத்துவமனைச் சீட்டு எல்லாம் அதற்குள்தான் இருக்கும்.

யாருக்கு வாக்களிக்கலாம் என்று நான் சொல்லப்போவதில்லை. அது உங்கள் உரிமை. ஆனால் வேட்பாளரிடம் எதைப் பார்ப்பது என்று பலரும் என்னிடம் கேட்கிறார்கள், தேர்தல் வரும்போது மட்டும் கேட்கிறார்கள், அதுதான் எனக்குக் கவலை. 2025இல் ஏப்ரல் 23ஆம் தேதி வேட்புமனுத் தாக்கல், மே 3ஆம் தேதி வாக்களிப்பு. பிரசாரத்துக்குக் கிடைத்தது 9 நாள், அப்புறம் ஒரு நாள் ஓய்வு. ஒன்பது நாளில் ஒரு மனிதரைப் பற்றி என்ன தெரியும்? சிரிப்பு தெரியும், துண்டுப் பிரசுரம் தெரியும், மேடையில் எவ்வளவு சத்தமாகப் பேசுவார் என்பது தெரியும். அதனால்தான் தேர்தல் இல்லாத நேரத்தில் இதை எழுதுகிறேன்.

சட்டம் வேட்பாளரிடம் கேட்பது ரொம்பக் கொஞ்சம். சிங்கப்பூர்க் குடிமகனாக இருக்க வேண்டும், 21 வயதாகியிருக்க வேண்டும், வாக்காளர் பட்டியலில் பெயர் இருக்க வேண்டும், மொத்தமாக 10 ஆண்டுகளாவது இங்கே வாழ்ந்திருக்க வேண்டும், நான்கு அதிகாரத்துவ மொழிகளில் ஒன்றிலாவது நாடாளுமன்றத்தில் பேசும் அளவுக்குத் தேர்ச்சியும், எழுதப் படிக்கவும் தெரிந்திருக்க வேண்டும். தமிழ் மட்டும் தெரிந்தாலும் போதும். 2025இல் 13,500 வெள்ளி வைப்புத்தொகை கட்டவேண்டியிருந்தது, பதிவான வாக்குகளில் எட்டில் ஒரு பங்குகூட வாங்காவிட்டால் அந்தப் பணம் போய்விடும். தகுதியிழப்பு விதிகள் தனி. நல்லவரா, உழைப்பாரா, கேட்பாரா என்பதையெல்லாம் சட்டம் நம்மிடம் விட்டுவிட்டது.

சில வருடங்களுக்கு முன்னால் நடந்ததைச் சொல்கிறேன், அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன். கணவரைப் பிரிந்த ஓர் அக்கா, இரண்டு பிள்ளைகள், தம்பி வீட்டு வரவேற்பறையில் மெத்தை போட்டுப் படுக்கிறார்கள். வாடகை வீட்டு விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டுவிட்டது. மக்கள் சந்திப்பில் தொண்டூழியர் ஒருவர் விவரம் கேட்டுத் தட்டச்சு செய்தார், உறுப்பினர் கையெழுத்துப் போட்டார், "கவலைப்படாதீங்க" என்றார். ஐந்து நிமிடம். பதில் வந்தது, பழைய பதிலேதான். மறுபடி போனோம், மறுபடி அதே கடிதம், தேதி மட்டும் புதுசு. மூன்றாவது தடவை போன அன்று அந்த உறுப்பினர் தலை நிமிரவே இல்லை. அக்கா வெளியே வந்து, "தம்பி, நான் சரியா சொல்லலையோ" என்று என்னிடம் கேட்டார். அந்தக் கேள்வி இன்னும் எனக்குள்ளே இருக்கிறது.

பிறகு வேறொரு தொகுதியில், கிட்டத்தட்ட இதே பிரச்சினையோடு இன்னொரு குடும்பம். அந்த உறுப்பினரும் கடிதம்தான் எழுதினார், ஆனால் எழுதுவதற்கு முன்னால் நிராகரிப்புக் கடிதத்தை எடுத்து இரண்டு தடவை படித்தார். காரணம் எழுதியிருந்த வரிக்குக் கீழே பென்சிலால் கோடு போட்டார். என்னைப் பார்த்து, "இந்த மாதிரி உங்களிடம் எத்தனை பேர் வருகிறார்கள்?" என்றார். "இந்த ஆண்டில் மட்டும் ஏழெட்டுக் குடும்பம்" என்றேன். அதையும் குறித்துக்கொண்டார். சில மாதம் கழித்து அந்த விதியைப் பற்றி நாடாளுமன்றத்தில் அவர் கேள்வி கேட்டார். விதி உடனே மாறவில்லை. ஆனால் அமைச்சு எழுந்து பதில் சொல்லவேண்டி வந்தது, அந்தப் பதிலை அடுத்து வந்த மேல்முறையீடுகளில் நாங்கள் எடுத்துக்காட்ட முடிந்தது.

நான் பார்க்கச் சொல்வது இந்த வித்தியாசத்தைத்தான். நாடாளுமன்ற உறுப்பினர் வீவகவுக்கோ மத்திய சேமநிதிக் கழகத்துக்கோ உத்தரவு போட முடியாது, பரிந்துரைத்து எழுத மட்டுமே முடியும். பலருக்கு இது தெரியாது, அவர் நினைத்தால் நடந்துவிடும் என்று நம்பி வருகிறார்கள். ஒருவருக்கு எழுதிக் கொடுப்பது உதவி. ஏழு பேர் ஒரே பிரச்சினையோடு வரும்போது அது ஏன் என்று சபையில் எழுந்து கேட்பதற்குத்தான் அவரை அனுப்புகிறோம். அதற்குத்தான் ஆண்டுக்கு 192,500 வெள்ளி படித்தொகை. கொறடா இருப்பதால் வாக்கெடுப்பில் பெரும்பாலும் கட்சி சொன்னபடிதான் கை தூக்குவார்கள், அதை வைத்து ஒருவரை எடைபோட முடியாது. ஆனால் என்ன கேள்வி கேட்பது என்பதில் அவருடைய மனசு தெரிந்துவிடும்.

இதைத் தெரிந்துகொள்வது கஷ்டமான வேலை இல்லை. நாடாளுமன்ற இணையத்தளத்தில் விவாதப் பதிவேடு இருக்கிறது, உறுப்பினரின் பெயரைத் தட்டினால் என்ன கேட்டார், என்ன பேசினார் என்று வந்துவிடும். 2021 முதல் அமர்வுகள் நேரலையாகவும் வருகின்றன. ஒரு சனிக்கிழமை காலையில் கோப்பியோடு உட்கார்ந்து அரை மணி நேரம் பாருங்கள். உங்கள் பேட்டையில் முதியவர்கள் தனியாக இருக்கிறார்கள், அவர் அதைப் பற்றிக் கேட்டிருக்கிறாரா? வேலை இழந்த நடுவயதுக்காரர்களைப் பற்றி? மேலோட்டமாகக் கேட்டுவிட்டு உட்கார்ந்தாரா, அமைச்சர் பதில் சொன்ன பிறகு துணைக் கேள்வி போட்டாரா? எனக்கு அந்தத் துணைக் கேள்விதான் முக்கியம். முதல் கேள்வியை யார் வேண்டுமானாலும் எழுதிக் கொடுக்கலாம், துணைக் கேள்வி கேட்க விஷயம் தெரிந்திருக்க வேண்டும்.

புதுமுகம் என்றால் பதிவேட்டில் ஒன்றும் இருக்காது. அப்போது தேர்தலுக்கு முந்திய வருடங்களைப் பாருங்கள். கேமரா இல்லாத நாளில் இவர் எங்கே இருந்தார்? சமூக மன்றத்திலோ, துணைப்பாட வகுப்பிலோ, தொழிற்சங்கத்திலோ, உணவு விநியோகத்திலோ இவரைப் பார்த்தவர்கள் அக்கம்பக்கத்தில் இருக்கிறார்களா? விசாரித்தால் தெரியும், இது சின்ன ஊர்.

நாடாளுமன்ற உறுப்பினர்களே நடத்தும் நகர மன்றத்தை நம் ஆட்கள் கண்டுகொள்வதே இல்லை. மின்தூக்கி, குப்பை, தாழ்வார விளக்கு எல்லாம் அவர்கள் பொறுப்பு, மாதாமாதம் நாம் கட்டும் சேவை, பராமரிப்புக் கட்டணம் அங்கேதான் போகிறது. தணிக்கை செய்த கணக்கை ஆண்டுதோறும் வெளியிடுகிறார்கள். தேசிய வளர்ச்சி அமைச்சு துப்புரவு, பராமரிப்பு, மின்தூக்கி, கட்டண நிலுவை, நிர்வாகம் என்று பிரித்துப் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று நிறம் கொடுத்து அறிக்கை விடுகிறது. நம் வேட்பாளரில் யாருக்காவது கணக்குப் புத்தகம் படிக்கத் தெரியுமா என்று கேட்பது தப்பே இல்லை.

குழுத்தொகுதியில் இருப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். 1988இல் வந்த முறை இது, 2025இல் 97 இடங்களில் 82 குழுத்தொகுதி வழியாகத்தான். ஒரே ஒரு வாக்கு, ஆனால் நான்கைந்து பேர் உள்ளே போகிறார்கள். பேர்போன அமைச்சர் முகத்தைப் பார்த்துப் போட்டுவிட்டு, நம் புளோக்கைப் பார்த்துக்கொள்ளப்போவது யார் என்றே தெரியாமல் இருப்பவர்கள் நிறைய. நடுவில் ஒருவர் விலகினாலும் அந்த இடத்துக்கு மட்டும் இடைத்தேர்தல் வராது, 2017இல் மார்சிலிங் - இயூ டீயில் ஹலிமா யாக்கோப் அதிபர் தேர்தலுக்காக விலகியபோது வரவில்லை. ஒரே ஓர் உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கும் தனித்தொகுதி வேறு. ஹவ்காங்கில் இடம் காலியானபோது பகுதிநேரத் துப்புரவுப் பணியாளர் ஒருவர், நம் பெண்மணி, நீதிமன்றம் வரை போனார். நியாயமான காலத்துக்குள் பிரதமர் இடைத்தேர்தல் நடத்தியாக வேண்டும் என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் 2013இல் சொன்னது. படிப்பு இருந்தால்தான் இதெல்லாம் கேட்க முடியும் என்று நினைப்பவர்களுக்கு நான் அவரைப் பற்றித்தான் சொல்வேன்.

தமிழில் இரண்டு வரி பேசினார், பொங்கலுக்கு வேட்டி கட்டி வந்தார் என்பதற்காக மனம் இளகுவது இயல்பு. மரியாதைக்கு நன்றி சொல்லலாம். ஆனால் வேட்டி அவிழ்த்து மடித்து வைத்த மறுநாள் நம் பிள்ளைகளைப் பற்றி அவர் என்ன பேசுகிறார் என்பதைத்தான் நான் பார்ப்பேன்.

வயதானவர்கள் என்னிடம் ரகசியமாகக் கேட்பது ஒன்று உண்டு. வாக்குச்சீட்டில் வரிசை எண் இருக்கிறதே, யாருக்குப் போட்டேன் என்று தெரிந்து கிடைக்கும் உதவியை நிறுத்திவிடுவார்களா? இல்லை, அம்மா. அந்த எண் கள்ள வாக்குச்சீட்டைத் தடுக்கத்தான். எண்ணி முடித்த சீட்டுகளை முத்திரையிட்டு உச்ச நீதிமன்றத்தில் 6 மாதம் பூட்டி வைத்து, பிறகு அழித்துவிடுகிறார்கள். நீதிமன்றம் சொல்லாமல் யாரும் திறக்க முடியாது. உதவி என்பது ஒருவர் போடும் பிச்சை இல்லை. "எனக்கு வாக்களித்தீர்களா" என்று சாடையாகக்கூடக் கேட்கும் ஒருவரைப் பார்த்தால், அதையே அவருக்கு எதிரான முதல் குறிப்பாக எழுதிக்கொள்ளுங்கள்.

வாட்ஸ்அப் வீடியோவை அப்படியே நம்பாதீர்கள். வேட்பாளர் சொல்லாததைச் சொன்னதுபோலத் தொழில்நுட்பத்தால் செய்து தேர்தல் நேரத்தில் பரப்புவதைத் தடுக்க 2024இல் சட்டமே போட்டாகிவிட்டது.

வீட்டுக் கதவைத் தட்டும்போது கை குலுக்கிப் படம் எடுத்து அனுப்பிவிடாதீர்கள், ஒரு கேள்வி கேளுங்கள், உங்கள் வீட்டுப் பிரச்சினையையே கேளுங்கள். பதிலைவிட அவர் கண் எங்கே போகிறது என்று பாருங்கள். போன தேர்தலில் எனக்குத் தெரிந்த ஒரு தாத்தா, டயாலிசிஸ் முடிந்து வரும் நாளில் மின்தூக்கியிலிருந்து வீட்டுக்கு நடக்க முடியவில்லை, நடைபாதையில் ஒரு பெஞ்சு போட முடியுமா என்று வந்தவரிடம் கேட்டார். அவர், "தெரியாது ஐயா, தீயணைப்பு விதி இருக்கும், விசாரித்துச் சொல்கிறேன்" என்றார். தாத்தா இரண்டு நாள் காத்திருந்தார். மூன்றாவது நாள் மாலை, கேமராவும் கொடியும் இல்லாமல், அந்த ஆள் மட்டும் கையில் அளவு நாடாவோடு வந்து நின்றார்.