வெயில் மட்டும் போதாது: ஸ்போர்ட்ஸ் காருக்குக் குளிர்கால வீடு தேடுகிறீர்களா?

ஏப்ரல் பிறந்துவிட்டால் என் பட்டறையில் லிஃப்ட் காலியாகவே இருக்காது. பனி கொட்டும் எங்கள் பக்கத்துக் குளிர்காலம் முழுக்க ஷெட்டில் மூடிக் கிடந்த கார்கள் ஒரு பக்கம், வெயில் தேடித் தெற்கே போய்த் திரும்பிய கார்கள் இன்னொரு பக்கம். போய் வந்தவைதான் நல்ல நிலையில் இருக்கும் என்று பலரும் நினைக்கிறார்கள். தொழிலுக்கு வந்த புதிதில் நானும் அப்படித்தான் நினைத்தேன்.

ஒரு முறை கூரையை மடக்கும் இரண்டு இருக்கை கன்வெர்ட்டிபிள் ஒன்று வந்தது. மேலே பார்த்தால் ஷோரூமிலிருந்து அப்போதுதான் இறக்கிய மாதிரி பளபளப்பு. லிஃப்ட்டில் ஏற்றி டார்ச் அடித்துப் பார்த்தேன். சஸ்பென்ஷன் பாகம் அலுமினியம், அதைப் பிடித்திருக்கும் போல்ட் இரும்பு. இரண்டும் சேரும் இடத்தில் சுண்ணாம்பு தடவியது போல வெள்ளைப் பொடி பூத்திருந்தது. விரலால் தேய்த்தால் உதிர்கிறது, அடியில் பொடிப்பொடிக் குழிகள். பிரேக் டிஸ்க்கில் பேட் உட்கார்ந்திருந்த இடம், அச்சுக் குத்தியது போல அதே வடிவத்தில் துருவாகப் பதிந்திருந்தது.

“ஒரு நாள்கூட மழையில ஓட்டலையே சார்” என்றார் உரிமையாளர். அவர் சொன்னது உண்மைதான். ஆனால் கார் நின்ற இடம் கடற்கரையிலிருந்து இரண்டு தெரு தள்ளி, மூன்று பக்கமும் திறந்த கொட்டகை. பகலில் நல்ல வெயில். இரவில் உப்புக் காற்று, விடியற்காலையில் பனித்துளி. நான்கு மாதம் தினமும் இதுதான் நடந்திருக்கிறது. உப்பு ஈரம் இரண்டு உலோகங்களுக்கு நடுவே புகுந்தால் அங்கே ஒரு குட்டி பேட்டரியே உருவாகிவிடும். அதில் கரைந்துபோவது அலுமினியம்.

அன்றிலிருந்து, குளிர்காலத்துக்கு எந்த ஊர் நல்லது என்று யார் கேட்டாலும் நான் பகல் வெப்பநிலையைப் பார்க்கச் சொல்வதில்லை. அந்த ஊரில் அதிகாலை ஐந்து மணிக்கு ஈரப்பதம் எவ்வளவு என்று பார்க்கச் சொல்கிறேன்.

காற்றில் ஈரப்பதம் ஏறத்தாழ 60 சதவீதத்தைத் தாண்டும்போது இரும்பு துருப்பிடிக்கும் வேகம் சட்டென்று கூடுகிறது. உப்பு சேர்ந்தால் நிலைமை இன்னும் மோசம். சாதாரண உப்பான சோடியம் குளோரைடு, ஈரப்பதம் 75 சதவீதத்தை எட்டினால் காற்றிலிருந்து தானே தண்ணீரை இழுத்துக் கரைந்துவிடும். பனி உருகச் சாலையில் தெளிக்கிறார்களே மெக்னீசியம் குளோரைடு, அதற்கு 33 சதவீதமே போதும். அதாவது, பனி ஊரில் ஒரே ஒரு நாள் உப்புச் சாலையில் ஓடிய காரைக் கழுவாமல் தெற்கே அனுப்பினால், அந்த உப்பு வண்டியின் அடியிலேயே குளிர்காலம் முழுக்க ஈரமாக உட்கார்ந்திருக்கும். நீங்கள் மேலே வெயில் காய்ந்துகொண்டிருப்பீர்கள்.

அதனால் ஊரைத் தேடும் முன்னே செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. முதல் பனிக்கு முன்பே, சாலையில் உப்பு விழும் முன்பே, கார் கிளம்பிவிட வேண்டும். தாமதமாகிவிட்டால் மூடிய லாரியில் அனுப்புங்கள். திறந்த டிரெய்லரில் டிசம்பர் கடைசியில் ஏற்றினால், ஒரு கிலோமீட்டர்கூட ஓடாத கார் நெடுஞ்சாலை உப்பையெல்லாம் பூசிக்கொண்டு போய் இறங்கும். டயர் விஷயமும் உண்டு. சம்மர் டயரின் ரப்பர் 7 டிகிரிக்குக் கீழே விறைத்துப் பிடிமானத்தை இழக்கும். மைனஸ் 7 டிகிரிக்குக் கீழே அதிவேக சம்மர் டயர் பூட்டிய காரை நகர்த்தவே வேண்டாம், ரப்பரில் விரிசல் விழலாம் என்று டயர் நிறுவனங்களே எச்சரிக்கின்றன. ஜனவரியில் உறைந்த ஷெட்டிலிருந்து காரைத் தள்ளி லாரியில் ஏற்றுகிறவர்கள் இதை யோசிப்பதே இல்லை.

சரி, இப்போது ஊர்கள்.

அமெரிக்காவில் பெரும்பாலோர் கேட்பது இரண்டு இடங்களைப் பற்றி: ஃபுளோரிடா, அரிசோனா. ஃபுளோரிடாவின் மயாமியில் ஜனவரிப் பகல் 24, 25 டிகிரி, இரவு இதமாக 16. அரிசோனாவின் ஃபீனிக்ஸில் பகல் 19, 20 டிகிரி, இரவில் 7 வரை இறங்கும். வெப்பநிலையை மட்டும் பார்த்தால் மயாமி ஜெயிக்கிறது. ஆனால் மயாமியில் அதிகாலை ஈரப்பதம் 80 சதவீதத்தைச் சாதாரணமாகத் தொடும், காற்றில் கடல் உப்பும் இருக்கும். ஃபீனிக்ஸில் வருடம் முழுக்கப் பெய்யும் மழையே ஏறத்தாழ 200 மில்லிமீட்டர்தான். காரைக் கேட்டால் ஃபீனிக்ஸ் என்றுதான் சொல்லும். மயாமிதான் வேண்டும் என்றால், கடலைப் பார்த்த வீடு உங்களுக்கு, கடலிலிருந்து சில கிலோமீட்டர் உள்ளே தள்ளிய ஏசி ஷெட் காருக்கு என்று பிரித்துக்கொள்ளுங்கள். உப்புத் துளிகள் கரையை விட்டு விலக விலக வேகமாகக் குறைந்துவிடும்.

ஐரோப்பாவில் எல்லோரும் தென் ஸ்பெயினைச் சொல்வார்கள். வெயில் உண்டுதான், மறுக்கவில்லை. ஆனால் மத்தியதரைக் கடல் பகுதியில் மழைக்காலமே குளிர்காலம்தான். கலிஃபோர்னியாவின் தென்பகுதியிலும் அப்படியே. ஸ்பெயினில் மார்பெல்லா பக்கமிருந்து ரோண்டாவுக்கு ஏறும் ஏ-397 சாலை, ஏறத்தாழ 50 கிலோமீட்டர் வளைவுகள், ஓட்டுகிறவர்களுக்குக் கோயில் மாதிரி. அதே ரோண்டாவுக்குப் பக்கத்து மலையில் இருக்கும் கிரஸலேமா, ஸ்பெயினிலேயே அதிக மழை பெறும் இடங்களில் ஒன்று. வருடத்துக்கு 2,000 மில்லிமீட்டர் அளவுக்குப் பெய்கிறது, அதில் பெரும்பகுதி நீங்கள் போய் இறங்கும் மாதங்களில்தான். சுற்றுலா விளம்பரத்தில் இதைப் போட மாட்டார்கள்.

அமீரகத்தில் அல் ஐன் எனக்குப் பிடித்த தேர்வு. துபாய் போலக் கடலோரம் இல்லை, உள்நாடு. ஜெபல் ஹஃபீத் மலைச்சாலையின் 60 வளைவுகள் ஊரை ஒட்டியே தொடங்கிவிடும். விடியற்காலை மூடுபனி மட்டும் சில நாள் பிடிக்கும். ஒரு காபி குடித்துவிட்டுக் கிளம்பினால் விலகியிருக்கும்.

வளைவு என்றதும் ஞாபகம் வருகிறது. ஃபுளோரிடா மாநிலத்தின் மிக உயரமான இடமே கடல் மட்டத்திலிருந்து 105 மீட்டர்தான். ஸ்டியரிங் நேராகவே நிற்கும். செப்ரிங் மாதிரி பந்தயத் தடங்களில் ஓட்டப் போகிறவர்களுக்கு அது ஒரு பொருட்டில்லை. பழைய விமானத்தள கான்கிரீட்டில் அமைந்த அந்தத் தடம் சஸ்பென்ஷனை உலுக்கி எடுக்கும் என்பதை மட்டும் மனதில் வையுங்கள். சாலையில் ஓட்டத்தான் கார் என்றால், ஷெட்டிலிருந்து முதல் நல்ல வளைவுக்கு எத்தனை நிமிடம் என்று கணக்குப் போடுங்கள். அரை மணிக்குள் என்றால் வாரம் இரண்டு முறை ஓட்டுவீர்கள். ஒரு மணி நேரம் என்றால் முதல் மாதம் ஆசையாகப் போவீர்கள், அப்புறம் கார் நின்றுவிடும். நிற்கும் காரை நினைத்து யாராவது பத்து நிமிடம் ஸ்டார்ட் செய்து வைப்பார்கள். அது ஓட்டாமல் விடுவதைவிடக் கெடுதல். ஆயில் சூடேறாது, எரிப்பில் உண்டாகும் நீராவி எஞ்சினுக்குள்ளும் சைலன்ஸருக்குள்ளும் தண்ணீராகத் தங்கும்.

மலைச்சாலை பக்கத்தில் இருந்தால் உயரத்தையும் பாருங்கள். அரிசோனாவின் டூசானிலிருந்து மவுண்ட் லெமன் ஏறும் சாலை 43 கிலோமீட்டர்; கள்ளிச்செடிக்கு நடுவே தொடங்கிப் பைன் மரங்களுக்கு நடுவே, 2,400 மீட்டருக்கு மேல் போய் முடிகிறது. ஆயிரம் மீட்டருக்கு ஆறு, ஆறரை டிகிரி குறையும் என்று வைத்தால், கீழே 19 டிகிரியில் டி-ஷர்ட்டோடு கிளம்பியவர் மேலே 8 டிகிரியில் நிற்பார். அதுவும் நல்ல நாளில். மேலே பனிச்சறுக்குத் தளமே இருக்கிறது! சம்மர் டயரின் 7 டிகிரிக் கணக்கு இங்கேதான் கழுத்தைப் பிடிக்கும். லாஸ் ஏஞ்சலிஸுக்கு மேலே ஏஞ்சலஸ் கிரெஸ்ட் சாலையின் உயரமான பகுதியைக் குளிர்காலத்தில் மூடிவிடுவது வழக்கம். “பக்கத்திலேயே பிரமாதமான ரோடு” என்று யாராவது சொன்னால், பிப்ரவரியில் அது திறந்திருக்குமா என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.

பெட்ரோலில் ஒரு சின்ன விஷயம். ஆக்டேன் என்பது எஞ்சினில் தட்டல் வராமல் பெட்ரோல் தாங்கும் அளவைக் காட்டும் எண். ஃபுளோரிடாவில் 93 ஆக்டேன் சாதாரணமாகக் கிடைக்கும். அரிசோனாவிலும் கலிஃபோர்னியாவிலும் பிரீமியம் என்றால் பெரும்பாலும் 91தான். 93க்கு டியூன் செய்த டர்போ கார் வைத்திருப்பவர்கள் கிளம்பும் முன்பே டியூன் செய்தவரிடம் பேசிவிடுங்கள்.

எல்லோரும் மறக்கிற கேள்வி: கோடையில் கார் எங்கே இருக்கும்? திரும்ப எடுத்துவரப் போகிறீர்கள் என்றால் கவலையில்லை. அங்கேயே விடப் போகிறீர்கள் என்றால், குளிர்காலத்தைவிட அந்த ஊரின் கோடையைத்தான் நன்றாகப் படிக்க வேண்டும். 2023இல் ஃபீனிக்ஸில் தொடர்ந்து 31 நாள் 43 டிகிரிக்கு மேல் வெயில் அடித்தது. தகரக் கூரை ஷெட்டுக்குள் என்ன ஆகும் என்று யோசியுங்கள். டேஷ்போர்டு தோல் சுருங்கி ஓரம் தூக்கும், கூரைத் துணியின் பசை விடும், இத்தாலிய கார்களின் மெத்தென்ற பூச்சுப் பூசிய பட்டன்கள் வெல்லப்பாகு மாதிரி விரலில் ஒட்டும். பேட்டரியைச் சாகடிப்பது குளிர் என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். குளிர் அதன் பலவீனத்தைக் காட்டிக்கொடுக்கிறது, அவ்வளவுதான். உள்ளே அரித்துத் தின்பது வெப்பம். ஃபுளோரிடா என்றால் ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை புயல் காலம். தரைமட்ட ஷெட்டில் வெள்ளம் ஏறுமா என்று பார்க்க வேண்டும்.

பாலைவனத்தில் இன்னொரு வாடகைதாரரும் உண்டு. பேக் ரேட் என்கிற எலி. டூசான் பக்கமிருந்து வந்த ஒரு காரின் எஞ்சின் மூடியைத் திறந்தபோது, இன்டேக் குழாய்களுக்கு நடுவே முள்ளோடு கூடிய கள்ளித் துண்டுகளை அழகாக அடுக்கிக் கூடு கட்டியிருந்தது. முள் குத்தாமல் எடுக்கவே ஒரு மணி நேரம். அடியில் பார்த்தால் வயரிங் மூன்று இடத்தில் செம்பு தெரியும் அளவுக்குக் கடிபட்டிருந்தது.

ஷெட்டைப் பார்க்கப் போகும்போது அங்கிருப்பவர் “டெம்பரேச்சர் கன்ட்ரோல் இருக்கு” என்பார். அது ஏசியா, வெறும் எக்ஸாஸ்ட் ஃபேனா என்று கேளுங்கள். ஈரப்பதத்தையும் கட்டுப்படுத்துகிறார்களா என்று தனியாகக் கேளுங்கள். 40இலிருந்து 50 சதவீதம் இருந்தால் நிம்மதி. வாய்ப்பேச்சை நம்ப வேண்டாம். பதிவு செய்து வைக்கும் சின்ன ஈரப்பதமானி ஒன்றை வாங்கி, அந்த இடத்தில் ஒரு வாரம் வைத்துவிட்டு எடுத்துப் பாருங்கள். கார் போன பிறகு அதையே டிக்கியில் போட்டு வையுங்கள். ஒவ்வொரு காருக்கும் சார்ஜர் பாயின்ட் வேண்டும். லித்தியம் பேட்டரி பூட்டிய காரென்றால் அதற்கென்றே உள்ள சார்ஜர். ஹேண்ட்பிரேக்கை இழுத்துவிட்டு வராதீர்கள்.

காகித வேலையில் இரண்டு விஷயம். கார் எந்த முகவரியில் நிற்கிறது என்பதை இன்சூரன்ஸுக்குத் தெரிவிக்காமல் போனால், ஏதாவது நடந்த அன்றைக்குத்தான் அதன் விலை தெரியும். அப்புறம் நாட்கணக்கு. ஐரோப்பிய ஒன்றியத்தில் வேறு நாட்டில் ஆறு மாதத்துக்கு மேல் குடியிருந்தால் காரை அங்கே பதிவு செய்ய வேண்டி வரும். அரிசோனாவில் ஒரு காலண்டர் ஆண்டில் மொத்தம் ஏழு மாதம் தங்கினால் உங்களை அந்த மாநிலத்தவராகவே கணக்கில் எடுப்பார்கள்.

அந்த கன்வெர்ட்டிபிள்காரர் அடுத்த குளிர்காலத்துக்குக் கடலை விட்டு ஐம்பது கிலோமீட்டர் உள்ளே ஒரு ஏசி ஷெட் பிடித்தார். ஏப்ரலில் வண்டி வந்தது. டிஸ்க்கில் கீறல்கூட இல்லை, போல்ட்டுகள் எல்லாம் நான் பூட்டிவிட்ட மாதிரியே இருந்தன. ஈரப்பதமானியின் பதிவைப் பெருமையாக செல்போனில் காட்டினார். மைலேஜைப் பார்த்தேன். நான்கு மாதத்தில் 300 கிலோமீட்டர்கூட ஓடவில்லை. “ஷெட்டுக்குப் போகவே முக்கால் மணி ஆகுது சார்” என்றார்.